சாவடிப் பொறுப்பாளர்

நல்ல சமாரியர் உவமையை மையமாகக் கொண்ட மறையுரைகளை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். குரு விலகிச் சென்றதையும், லேவியர் விலகிச் சென்றதையும், அந்நியராகக் கருதப்பட்ட ஒருவர் அருகில் வந்து காயங்களைக் கட்டியதையும் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள்கூடத் தடுமாறாமல் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த உவமையில் இன்னொருவர் இருக்கிறார். லூக்கா அவருக்கு ஒரு சொல்லைக்கூடப் பேசக் கொடுக்கவில்லை. அவர்தான் சாவடிப் பொறுப்பாளர்.

சமாரியர் ஓர் இரவு தங்குகிறார், மறுநாள் புறப்பட்டுவிடுகிறார். அவருக்குப் பயணம் இருந்தது. போகும்போது இரண்டு தெனாரியம் கொடுக்கிறார். அக்காலத்தில் ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. எங்கள் பக்கத்துக் கணக்கில் சொன்னால் இரண்டு ஷிப்ட் சம்பளம். அடிபட்டவரோ எழுந்து நடக்கும் நிலையில் இல்லை. அதன் பிறகு அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் யார்? கட்டை அவிழ்த்துப் புண்ணைக் கழுவியவர் யார்? நள்ளிரவில் அவர் அலறியபோது மற்ற விருந்தினரின் முணுமுணுப்பைத் தாங்கிக்கொண்டவர் யார்? உவமை இவற்றைச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வேலைகளெல்லாம் ஒருவர் தலையில் விழுந்திருக்கத்தான் வேண்டும்.

இந்தச் சிந்தனை எனக்கு நூல்களிலிருந்து வரவில்லை. நெருப்பெரிச்சலில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில், மூடிக் கிடக்கும் ஒரு கடையின் திண்ணையில் படுத்திருக்கும் மனிதரிடமிருந்து வந்தது. ஐம்பதை நெருங்கும் வயது. ஒரு காலத்தில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் என்று அவரை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். இப்போது கோடையிலும் இரண்டு சட்டை போட்டுக்கொள்கிறார். யாரோ தம்மை அழைப்பதாகச் சொல்லித் திடீரென எழுந்து நடக்கிறார். நண்பகல் 12 மணிக்கு மதுக்கடை திறக்கும்போது அங்கே நிற்பவர்களில் அவரும் ஒருவர்.

குடித்ததால் மனம் பேதலித்ததா, மனம் பேதலித்ததால் குடித்தாரா, வீடு இழந்ததால் இரண்டும் வந்தனவா என்று என்னைக் கேட்டால் எனக்கு விடை தெரியாது. ஒன்றரை ஷிப்ட் வேலை, சனிக்கிழமைச் சம்பளம், உடல் வலிக்கு ஒரு குவளை என்று தொடங்கியிருக்கலாம். 2011 ஜனவரி 28 அன்று, நொய்யல் ஆற்றை மாசுபடுத்திய சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆற்றுக்காக அது தேவையான தீர்ப்புதான். ஆனால் அதன் பிறகு வேலை சுருங்கிய மாதங்களில் திருப்பூரில் எத்தனை குடும்பங்கள் சிதறின என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இவர் குடும்பமும் அக்காலத்தில்தான் ஊர் திரும்பியதாம். இவர் மட்டும் தங்கிவிட்டார்.

எங்கள் அன்பியக் கூட்டத்தில் இவரைப் பற்றிப் பேச்சு வந்தது. முதலில் எழுந்த குரல் இது: "அவரு நம்மூர்க்காரரு இல்லீங்களே."

சொன்னவர் நல்லவர், இரக்கமற்றவர் அல்லர். ஆனால் நான் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தேன். திண்டுக்கல்லிலிருந்து வந்தவர்கள், தேனியிலிருந்து வந்தவர்கள், சிவகங்கையிலிருந்து வந்தவர்கள். சொன்னவரே மதுரைப் பக்கம். கொங்கு மண்ணின் ஊர்த் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் இல்லாமலில்லை. ஆனால் எங்கள் தெருவில் அவர்கள் குறைவு. அடுத்த வரிசை வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் அறைக்கு ஐந்து பேராகத் தங்கியிருக்கிறார்கள். நெருப்பெரிச்சலே 2011இல்தான் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. ஊரே ஒருவகையில் புதுக்குடியேற்றம் ஆனபின், யார் யாரைப் பார்த்து நீ வெளியூர் என்பது? ஒருவர் இருபது ஆண்டுகள் துணி வெட்டிய இடம் அவருக்கு ஊர் ஆகாதென்றால், ஊர் என்ற சொல்லுக்கு நாம் என்ன பொருள் வைத்திருக்கிறோம்? கைகள் ஓடியவரை நம்மூர்க்காரர், நின்றதும் வெளியூர்க்காரர் என்பது அறமா?

அடுத்து வந்த யோசனை இன்னும் நயமானது. தொலைவில் ஓர் இல்லம் இருக்கிறது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வண்டி பிடித்து அனுப்பிவிடலாம். எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி படர்ந்ததைக் கண்டேன். என் முகத்திலும் படர்ந்திருக்க வேண்டும்.

தொலைவில் உள்ள இல்லங்களைப் பழிப்பது என் நோக்கமன்று. யாரும் தொடாத உடல்களைக் கழுவிச் சோறூட்டும் துறவற சகோதரிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கால்களைத் தொடத் தகுதியற்றவன். நான் கேட்பது அனுப்புகிறவரைப் பற்றிய கேள்வி. நாம் அனுப்புவது அவர் நலம் பெறவா, அல்லது நம் தெரு முனை சுத்தமாகவா? இரண்டும் ஒரே வண்டியில் போவதால் வேறுபாடு தெரிவதில்லை.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளர் விடுதியொன்றில் தீப்பிடித்தது. கொட்டகைக்குள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களில் பலரை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர்; பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும்தான். வேறு வழி தெரியாதவர்கள். இது ஏதோ பிற சமயத்தாரின் இடத்தில் நடந்தது என்று நாம் ஒதுங்கிக்கொள்ளவும் வேண்டாம். நம்முடைய சில திருத்தலங்களின் முற்றங்களிலும் கட்டி வைக்கப்பட்டவர்களை நம் முந்தைய தலைமுறை பார்த்திருக்கிறது. சங்கிலி போடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடுத்திருக்கிறது. தொலைவு என்னும் சங்கிலியைப் பற்றி எந்தச் சட்டமும் பேச முடியாது.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் கல்லறைகளிடையே வாழ்ந்த ஒருவர் வருகிறார். அவரையும் ஊரார் விலங்கிட்டுப் பார்த்திருந்தார்கள். இயேசு அவரைக் குணமாக்கியபோது ஏறத்தாழ இரண்டாயிரம் பன்றிகள் கடலில் மூழ்கின. ஊரார் வந்து, தெளிந்த மனத்தோடு அமர்ந்திருந்த மனிதரைக் கண்டார்கள். கண்டபின் இயேசுவைத் தங்கள் பகுதியை விட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார்கள். ஒரு மனிதர் தெளிவுற ஆகும் செலவு அவர்களுக்கு அதிகமாகப் பட்டது. பிறகு நடந்ததுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. குணமானவர் இயேசுவோடு போக விரும்புகிறார். இயேசு இசையவில்லை, அவரைத் தம் வீட்டாரிடம் திரும்பிப் போகச் சொல்கிறார். விலங்கிட்டவர்களிடமே! அந்த ஊருக்கு அவரைத் திருப்பித் தருவதில்தான் குணம் நிறைவு பெறுகிறது என்று ஆண்டவர் கருதினார் போலும்.

சரி, உள்ளூரிலேயே உதவி தேடுவோம் என்று நானும் இன்னொருவரும் புறப்பட்டோம். ஒரு குடிநோய் மறுவாழ்வு இல்லத்தில், குழப்பமாகப் பேசுகிறவரைச் சேர்ப்பதில்லை என்றார்கள். மனநல மருத்துவம் பார்க்கும் ஓரிடத்தில், முதலில் குடியை நிறுத்திவிட்டு வரட்டும் என்றார்கள். இரவில் தங்க இடம் கேட்டபோது, குடித்தவருக்கு அனுமதியில்லை, அடையாள அட்டை வேண்டும் என்றார்கள். மூவரும் தத்தம் விதிப்படி சரியாகவே பேசினார்கள். மூன்று நோவுகளும் ஓர் உடம்பில் இருந்தன. கதவுகள் மட்டும் தனித்தனியாக இருந்தன.

பின்னர் வழக்கறிஞர் ஒருவர் சொல்லித்தான் சில செய்திகள் தெரிந்தன. 2017ஆம் ஆண்டுச் சட்டம் மனநோய் என்பதை வரையறுக்கும்போதே மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைக் கேடுகளையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே குடியை விட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்புவது அந்தச் சட்டத்தின் நோக்கத்தோடு பொருந்தாது. மனநோயோடு தெருவில் அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோவது காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை. காவல் நிலைய அறையில் அடைக்கக் கூடாது. வீடற்றவராயின் காணாமற்போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் உண்டு. 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி திருப்பூரிலேயே இருக்கிறது. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனையும், 14446 என்ற எண்ணில் போதை மீட்பு ஆலோசனையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நகர்ப்புறங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஓர் இரவுத் தங்குமிடம் வேண்டும் என்பது அரசின் சொந்த நெறிமுறை. இவற்றில் ஒன்றைக்கூட எங்கள் ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் நான் கண்டதில்லை. திருவிழா நன்கொடையாளர் பட்டியலுக்கு அங்கே இடம் போதவில்லை.

கதவு கதவாகத் தட்டியதும் நாங்கள் முதலாவது ஆட்கள் அல்லர். சென்னையில் தெருவில் நிலைகுலைந்து நின்ற ஒரு பெண்ணைக் கண்டு, அவரை ஏற்க எந்த இல்லமும் முன்வராததால், வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரு இளம்பெண்கள் 1993இல் தொடங்கியதே 'தி பேன்யன்' என்னும் அமைப்பு. அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் கவனிக்கத்தக்கது. தொடக்கத்தில் பெரிய இல்லம். பின்னர் சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளை வாடகைக்கு எடுத்து, நாலைந்து பேர் ஒரு குடும்பம்போல் வாழ, உதவிக்கு ஒருவர் உடனிருக்கும் முறை. பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய சர்க்கரையும் காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவதும் மருந்தின் ஒரு பகுதி ஆகின்றன.

ஐரோப்பாவில் இது பழைய செய்தி. பெல்ஜியத்தில் கேல் என்னும் சிற்றூரில் தூய டிம்ப்னாவின் ஆலயம் உண்டு. மனநோயாளரின் பாதுகாவலி அவர். இடைக்காலத்தில் நோயாளரை அழைத்து வந்த திருப்பயணிகளுக்கு ஆலயத்தின் தங்குமிடம் போதாமற்போக, ஊரார் தத்தம் வீடுகளில் அவர்களை வைத்துக்கொண்டார்கள். வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. வயலில் வேலை செய்தார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள், அந்த வீடுகளிலேயே முதுமை அடைந்தார்கள். 1930களின் இறுதியில் 3,700க்கும் மேற்பட்டோர் அவ்வாறு வாழ்ந்தனர். இன்று எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆயினும் வழக்கம் அற்றுப்போகவில்லை. 2023இல் யுனெஸ்கோ இதனைப் போற்றிக் காக்கத்தக்க நடைமுறையாகப் பதிவு செய்தது.

கேல் மக்கள் வானதூதர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் வைத்துக்கொள்வதற்கு அவர்களுக்குப் பணம் கிடைத்தது. வேலைக்கு ஆளும் கிடைத்தது. இதைக் குறையாகச் சிலர் சொல்வர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமாரியரும் சாவடிப் பொறுப்பாளருக்குப் பணம் கொடுத்தாரே! மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னாரே! இரக்கம் என்ற பெயரில் ஒரு மனைவியையோ தாயையோ கூலியின்றி, துணையின்றி, ஓய்வின்றிப் பல ஆண்டுகள் சாவடி நடத்தச் சொல்லிவிட்டு, அவர் களைத்து விழுந்ததும் அன்பு போதவில்லை என்று குற்றம் சாட்டுகிறோமே, அது எந்த நற்செய்தியில் இருக்கிறது? குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிலையம் குடும்பத்தாருக்கும் தனியே ஆலோசனை தந்தது. காயம் கட்டுகிறவருக்கும் கை வலிக்கும் என்பதை அவர் சொந்த வாழ்விலிருந்து அறிந்திருந்தார்.

நம் குடும்பங்களில் நிலவும் இரண்டு பழக்கங்களைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தெரியாமல் உயிர்கள் போகின்றன. ஒன்று, குடிப்பவரைப் பீடத்தின் முன் நிறுத்திச் சத்தியம் வாங்கி, அன்றே குடியை அடியோடு நிறுத்தச் செய்வது. அல்லது அறைக்குள் பூட்டிவைப்பது. பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்த உடல் திடீரென மதுவை இழந்தால் ஓரிரு நாட்களில் நடுக்கமும் வலிப்பும் வரலாம். தொடர்ந்து இல்லாதவை கண்ணில் தெரியும் கடுமையான குழப்பம் வரலாம். மருத்துவம் இல்லையேல் சாவும் நேரலாம். சத்தியம் செய்யட்டும், ஆனால் மருத்துவமனை வழியாகச் செய்யட்டும். மற்றொன்று, விளம்பரங்களை நம்பி அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரை கலப்பது. டைசல்ஃபிராம் போன்ற மாத்திரை உடலில் இருப்பதை அறியாமல் ஒருவர் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே கேடு வரலாம். மருத்துவர் கண்காணிப்பில், தெரிந்து, இசைந்து எடுப்பவருக்குத்தான் அது மருந்து.

அன்பினால் செய்யும் வஞ்சனை பாவமா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். 1939இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தூய தோமா மருத்துவமனையில் சகோதரி இக்னேஷியா என்னும் கன்னியர் ஒரு குடிநோயாளரைச் சேர்க்க விரும்பினார். குடிநோயாளருக்கு அங்கே படுக்கை தருவதில்லை. ஆகவே இரைப்பை அழற்சி என்று பதிந்து சேர்த்தார். அதன் பிறகு ஆயிரக்கணக்கானோர் அவர் கையில் மீண்டனர். அவரும் உண்மையை மறைத்தார்தான். ஆனால் நோயாளருக்குக் கதவைத் திறக்க நிறுவனத்திடம் மறைத்தார், நோயாளரிடம் அன்று. சாம்பாரில் மாத்திரை கலக்கும்போது நாம் மறைப்பது யாரிடம்? அந்தத் தாய்க்கு நான் இதைத்தான் சொன்னேன். அவர் ஏற்றாரா என்பது தெரியாது. தூங்காத இரவுகள் அவருடையவை, என்னுடையவை அல்ல.

இதிலிருந்து கடினமான கேள்வி ஒன்று முளைக்கிறது. உதவி வேண்டாம் என்று அவரே சொன்னால்? எங்கள் தெரு முனை மனிதர் முதல் பல வாரங்கள் எங்களோடு வர மறுத்தார். மனநோய் இருப்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் ஆற்றல் இல்லையென்று கொள்ளலாகாது என்கிறது சட்டம். தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளையும் நிலையில், அல்லது தம்மைத் தாமே பேண முடியாத நிலையில் மட்டும், உரிய நெறிகளின்படி இசைவின்றிச் சேர்க்கலாம். இதை வாசித்தபோது எனக்கு இரண்டு சோதனைகள் வந்தன. வலுக்கட்டாயமாகத் தூக்கிப்போட்டு நன்மை செய்துவிட்டோம் என்று மகிழ்வது ஒன்று. அவர் சுதந்திரம், நாம் என்ன செய்ய என்று தோளைக் குலுக்கிவிட்டுத் திருப்பலிக்குப் போவது மற்றொன்று. இரண்டாவது அதிக நாகரிகமாகத் தோன்றுவதால் அதிக ஆபத்தானது. வேண்டாம் என்ற சொல்லை மதிப்பதென்றால் நாளை மறுபடி போய்க் கேட்பது என்றுதான் நான் இப்போது எண்ணுகிறேன். ஆனால் நாளை மறுபடி போகக்கூடியவர், அங்கேயே இருப்பவர் மட்டுமே. வண்டியில் வந்து இறங்கும் சமாரியரால் அது ஆகாது.

அந்த அன்பியக் கூட்டத்தில் வண்டி யோசனையை எதிர்த்து நான் நீளமாகப் பேசினேன்; பயன் பெரிதில்லை. கூட்டம் முடிந்து செபமாலை சொன்ன பிறகு, செக்கிங் வேலைக்குப் போகும் ஒரு சகோதரி வாசலில் காத்திருந்தார். கூட்டத்தில் வாய் திறக்காதவர். "சார், எங்க வீட்லயும் அப்படித்தானுங்க. யார்கிட்டயும் சொல்றதில்லீங்க" என்றார். அடுத்த வாரம் இன்னொருவர் தம் மகனைப் பற்றிச் சொன்னார். இரவெல்லாம் சுவரோடு பேசுகிறானாம். அறையில் பேசாமல் இருந்தவர்கள்தாம் அதிகம் அறிந்தவர்கள். திண்ணையில் கிடந்தவர் எங்களுக்கு அந்நியர் அல்லர். நாங்கள் மறைத்து வைத்திருந்ததை வெளியில் வைத்திருந்தார், அவ்வளவுதான். இப்போது வின்சென்ட் தே பவுல் சபையினர் மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்குகிறார்கள்: ஒரு சிறிய அறையின் வாடகைக்குப் பாதி. மீதிப் பாதிக்கு இன்னும் தவிக்கிறோம்.

உண்மையில் எங்கள் தெருவின் சாவடிப் பொறுப்பாளர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர். எங்கள் பகுதியில் தேநீர்க் கடைக்குப் பேக்கரி என்றே பெயர். முனையில் அப்படியொரு பேக்கரி நடத்துகிறவர் அவர். நாங்கள் அன்பியத்தில் விவாதம் செய்துகொண்டிருந்த காலமெல்லாம் காலையில் ஒரு தேநீரும் இரண்டு பன்னும் கொடுத்துவந்தார். அவர் சொல்லைக் கேட்டுத்தான் அந்த மனிதர் முதன்முதலாக மருத்துவமனைக்கு ஆட்டோவில் ஏறினார். மருத்துவமனைப் படுக்கையில் பல நாட்கள் கழிந்தன, நடுக்கம் தணிந்தது, குரல்கள் முற்றிலும் ஓயவில்லை, மெலிந்தன. வந்தபின் இரண்டு முறை மீண்டும் குடித்தார். இரண்டு முறையும் பேக்கரிக்காரர் கடிந்துகொண்டார். இரண்டு முறையும் மறுநாள் தேநீர் கொடுத்தார். மாத்திரை உறைகள் கல்லாப்பெட்டியின் கீழ் அறையில், சில்லறைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. காலையும் மாலையும் அவரே எடுத்துத் தருகிறார். உட்கொண்டதும் கணக்கு நோட்டில் பால்காரர் வரவுக்கு எதிரே ஒரு கோடு போடுகிறார்.

சென்ற வாரம் நோட்டைக் காட்டிவிட்டு என்னிடம் கேட்டார்: "வாரா வாரம் கடைய அடைச்சுப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியறதில்லீங்க. வர்ற வியாழக்கெழம நீங்க கூட்டிட்டுப் போறீங்களா சார்?"

வியாழக்கிழமை எனக்கு வேறு வேலை இருந்தது. போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.